தண்ணீர்மேல் போட்ட பழி: வேலூர் சத்துவாச்சாரியில் சுருட்டை முடி உடைந்த ஒரு நிகழ்வு

பின்னணி

வேலூரில் யாருக்கு முடி கொட்டினாலும் முதல் குற்றவாளி தண்ணீர்தான். பாலாற்றில் வருடத்தில் பாதி நாள் மணல்தான் ஓடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் குளித்தால் சோப்பு நுரைப்பதில்லை, குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிகிறது. தோல் பதனிடும் கழிவு இந்தப் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதும் ஊரறிந்த கதை. இத்தனையும் உண்மை என்பதால், "போர் தண்ணீர் சேரவில்லை" என்ற தீர்ப்பை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. கீழே எழுதுவது அப்படி விசாரிக்கப்பட்ட ஒரு நிகழ்வு. சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்துடன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி எழுதுகிறேன்.

2023 ஜூன் மாதம், கத்திரி வெயில் முடிந்த கையோடு, 24 வயதுப் பெண் ஒருவர் அம்மாவுடனும் அத்தையுடனும் எங்கள் அழகு நிலையத்துக்கு வந்தார். காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையல் பிரிவில் வேலை. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிறவியிலேயே நெருக்கமான சுருட்டை முடி. அம்மாவின் கோரிக்கை நேரடியானது: முடி நாளுக்கு நாள் கொட்டுகிறது, நுனியெல்லாம் தேங்காய் நார் போல ஆகிவிட்டது, கல்யாணத்துக்குள் ஒருமுறை ஸ்மூத்னிங் (மருந்து போட்டு முடியை நேராக்குவது) செய்து "அடக்கிக்" கொடுத்துவிட வேண்டும். காரணம் என்ன என்று கேட்டேன். தண்ணீர் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

முதல் நாள் கண்டது

சடையைப் பிரிக்கச் சொன்னேன். பிரிக்கவே நேரம் பிடித்தது. காலை ஐந்து மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு, ஆறேகால் மணிக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஈரத்தோடேயே பின்னிய சடை அது. நாங்கள் பார்த்தபோது பிற்பகல். உள்மடிப்பு அப்போதும் காயவில்லை.

நெற்றியின் இரு ஓரங்களிலும், காதுக்கு மேலேயும் முடி பின்வாங்கியிருந்தது. இடப்பக்கம் கூடுதல். ஆனால் பின்வாங்கிய இடத்துக்கு முன்னால், முகத்தை ஒட்டி, மெல்லிய குறுமுடி ஒரு வரிசை தப்பித்து நின்றது. இந்த வரிசையைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். சடைக்குள் சிக்காத அளவுக்குக் குட்டையான முடி மட்டும் பிழைத்திருக்கிறது என்றால், சடைக்குள் சிக்கியதுதான் போயிருக்கிறது. இழுவையால் வரும் வழுக்கையில் தோல் மருத்துவர்கள் முதலில் தேடும் அடையாளம் இதுதான். உச்சியிலும் பின்கழுத்திலும் அடர்த்தி குறையவில்லை.

நீளவாக்கில் பார்த்தபோது கதை வேறு. 2021 தீபாவளிக்கு வேறோர் இடத்தில் ரீபாண்டிங், அதாவது மருந்தும் சூடும் கொடுத்து முடியை நிரந்தரமாக நேராக்குவது, செய்திருக்கிறார். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்தக் கணக்குப்படியே, இழுத்துப் பிடித்து அளந்தால் வேரிலிருந்து ஒரு சாண் சுருட்டையாகவும் அதற்குக் கீழே ஈர்க்குச்சி நேராகவும் இருந்தது. இரண்டும் சேரும் எல்லையில்தான் பெரும்பாலான இழைகள் முறிந்திருந்தன. புதிதாக வளர்ந்த சுருட்டை கீழேயுள்ள நேர்முடியோடு ஒத்துப்போகவில்லை என்பதால் ஞாயிறுதோறும், விசேஷங்களுக்கு முன்பும், வீட்டில் ஸ்ட்ரெய்ட்னர் போட்டு இழுத்திருக்கிறார். மறுமுறை வரும்போது அந்தக் கருவியைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லை; 230 பாகை என்று மட்டும் அச்சிட்டிருந்தது. போடும்போது சத்தம் வருமா என்று கேட்டேன். "சுர்ரென்று ஆவி வரும் அக்கா, அப்போதுதான் நன்றாக நேராகும்" என்றார்.

இழைகளில் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அத்தை அதை ஈர் என்று நினைத்து இரண்டு வாரமாகப் பேன் சீப்பால் வாரி எடுத்திருக்கிறார். ஈர் முடியின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்தால் முடி முறியாது. இந்தப் புள்ளிகளை இரு விரலால் பிடித்து லேசாக இழுத்ததும் முடி சரியாக அந்த இடத்திலேயே முறிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம்: இரண்டு துடைப்பங்களின் நுனியை ஒன்றுக்குள் ஒன்று செருகியது போல, மேல்தோல் செதில் உரிந்து உள்நார் பிரிந்து நின்றது. சூடும் உரசலும் ரசாயனமும் முடித்தண்டை இப்படி ஆக்கும். அந்த முடியில் பேன் சீப்பைப் போட்டது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய வேலை.

தண்ணீரா காரணம்?

அன்று எந்தச் சிகிச்சையும் செய்யவில்லை. ஒருநாள் முழுக்கச் சீப்பிலும் தலையணையிலும் குளியலறைத் துவாரத்திலும் சேரும் முடியைக் காகித உறையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். வந்ததை வெள்ளைத் துணியில் பரப்பிப் பிரித்தோம். வேர்க்குமிழோடு முழு நீளத்தில் இருந்தால் அது உதிர்ந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. வேர் இல்லாமல், ஒன்றுக்கொன்று நீளம் மாறித் துண்டு துண்டாக இருந்தால் அது உடைந்த முடி. உறையில் இருந்ததில் பெரும்பகுதி துண்டுகள். ஆக, "கொட்டுகிறது" என்று வீட்டில் சொன்னது பெரும்பாலும் கொட்டவே இல்லை. உடைந்துகொண்டிருந்தது.

தண்ணீரையும் விட்டுவிடவில்லை. ஆர்.ஓ. எனும் குடிநீர் சுத்திகரிப்புக் கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரால் ஏற்கெனவே அளந்திருந்தார்கள். எண் பெரிதாக வந்ததும் அதையே ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள். அந்த மீட்டர் காட்டுவது கரைந்துள்ள எல்லா உப்புகளின் கூட்டு. முடியில் படிந்து சொரசொரப்பாக்குவது அவற்றில் கால்சியமும் மக்னீசியமும், அதாவது கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தபோது இவர்கள் வீட்டு நீர் முதல் வரம்பைத் தாண்டியிருந்தது. அதனால் தண்ணீர் நிரபராதி இல்லை.

ஆனால் அதே வீட்டில், அதே தண்ணீரில், அதே ஷாம்பூவில் குளிக்கும் தங்கை இருக்கிறார். அவருக்கும் இதே சுருட்டை. ஸ்ட்ரெய்ட்னரைத் தொட்டதில்லை, கல்லூரிக்குத் தளர்வாகக் கிளிப் போட்டுக்கொண்டு போகிறார். அடுத்த முறை அவரையும் அழைத்துவரச் சொல்லி, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தோம். தங்கையின் முடி வறண்டிருந்தது, நுனி பிளந்திருந்தது, அவ்வளவுதான். நெற்றி ஓரம் முழுசாக இருந்தது, வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. உப்புத்தண்ணீர் தலை முழுக்கத்தான் விழுகிறது. நெற்றி ஓரத்தையும் ரீபாண்டிங் எல்லையையும் மட்டும் பொறுக்கியெடுத்துக் கெடுக்க அதற்குத் தெரியாது. முடி எங்கே போயிருக்கிறது என்று பார்த்தால் எதனால் போனது என்பது பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். அம்மாவின் மனம் மாறியது அன்றுதான். நான் சொன்ன விளக்கம் எதுவும் செய்யாததை இளைய மகளின் நெற்றி செய்தது.

சுருட்டை முடி ஏன் இந்த அளவுக்கு அடிபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குறுக்குவெட்டில் அது வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். திரும்பும் ஒவ்வொரு வளைவும் பலவீனமான இடம். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் அந்த வளைவுகளைக் கடந்து நுனிக்கு இறங்குவதில்லை, அதனால் வேர் பிசுக்காகவும் நுனி வறட்சியாகவும் ஒரே தலையில் இருக்கும். ஈரத்தில் நீண்டு, காயக்காயச் சுருங்கும். ஈரத்தோடு இழுத்துப் பின்னினால் சுருங்குவதற்கு இடமில்லாமல் அந்த இழுவை முழுவதும் வேரில் விழும். பள்ளிக்காலம் முழுக்க ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இறுக்கமான இரட்டைச் சடை, பிறகு தொழிற்சாலைத் தொப்பிக்குள் இறுக்கக் கொண்டை. இந்தப் பெண்ணின் நெற்றி ஓரம் ஆறு வயதிலிருந்து ஓய்வு பார்த்ததில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ஸ்மூத்னிங் இல்லை. ரீபாண்டிங் மருந்தில் இருக்கும் தயோகிளைகோலேட் முடிப்புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை அறுக்கிறது. நேராக அழுத்திய பிறகு இன்னொரு மருந்து அவற்றை மறுபடி பூட்டுகிறது. ஏற்கெனவே ஒருமுறை அறுத்துப் பூட்டிய முடியில் திரும்பவும் மருந்தை ஏற்றினால் பூட்டுவதற்கு மிச்சம் இருக்காது. எல்லையில் முறிந்துகொண்டிருக்கும் முடிக்கு இதைச் செய்து கொடுத்துப் பணம் வாங்குவது சரியில்லை என்பது என் கருத்து.

அத்தை விடவில்லை. அப்படியானால் கெரட்டின் (முடிப்புரதத்தின் பெயரில் விற்கும் நேராக்கும் சிகிச்சை) செய்யலாமே, அதில் ரசாயனமே இல்லை என்றார்களே என்றார். கெரட்டின் என்ற பெயரில் விற்பவற்றில் பலவும் சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடை வெளிவிடுபவை. அதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்திவிட்டது. "ஃபார்மால்டிஹைடு இல்லாதது" என்று அச்சிட்டு வருபவற்றில் பலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. இந்த நிகழ்வுக்குப் பிறகு, 2024 மார்ச்சில், அத்தகைய கிரீமால் முடியை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி பிரெஞ்சு மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். அன்று அது எனக்குத் தெரியாது. மூடிய அறையில் கண் எரியும் புகை வருகிற எதையும் செய்வதில்லை என்பது மட்டும் எங்கள் கடை வழக்கம்.

இரண்டாவது முடிவு, வெட்டுவது. கல்யாணப் பெண்ணின் முடியில் கத்திரி வைப்பதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். முகூர்த்தத்துக்கு எப்படியும் சவுரி வைத்துத்தான் பூச்சடை தைக்கப் போகிறோம், இடுப்பு வரை முடி இருந்தாலும் தோள் வரை இருந்தாலும் மேடையில் தெரியப்போவது சவுரியின் நீளம்தான் என்றேன். அது எடுபட்டது. ரீபாண்டிங் செய்த நேர்முடியை ஒரே நாளில் எடுக்காமல் ஜூனில் பாதி, செப்டம்பரில் மீதி என்று இரண்டு தவணையாக எடுத்தோம்.

மூன்றாவது, தோல் மருத்துவரிடம் அனுப்பியது. நெற்றி ஓர வழுக்கை எங்கள் கைக்கு அப்பாற்பட்டது. மயிர்க்கால் உயிரோடு இருக்கிறதா, தழும்பாகிவிட்டதா என்பதைக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது, இரும்புச் சேமிப்பு குறைந்திருந்தது. மாத்திரையும், நெற்றி ஓரத்தில் தடவ மருந்தும் கொடுத்தார். இழுத்துக் கட்டுவதை நிறுத்தாவிட்டால் மருந்து வீண் என்று அவரும் எழுதிக் கொடுத்ததில் எனக்குப் பாதி வேலை குறைந்தது.

அடுத்து வந்தது அன்றாடப் பழக்கம். இதில்தான் அதிக நேரம் செலவிட்டோம். தலைக்குக் குளிப்பதைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றினோம், வாரம் இரண்டு முறை போதும். குளிப்பதற்கு முந்தைய இரவு தேங்காயெண்ணெய். 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று, தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைப்பதையும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யாததையும் காட்டியிருக்கிறது. பாட்டிகளுக்கு இது செய்தியல்ல. ஷாம்பூ தலைத்தோலுக்கு மட்டும், கண்டிஷனர் காதுக்குக் கீழே. அது முடியில் இருக்கும்போதே விரலாலும் பிறகு பெரிய பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். காய்ந்த சுருட்டையில் சீப்பே கூடாது.

அம்மா சீயக்காயை விடமாட்டேன் என்றார். சீயக்காய்மேல் எனக்குப் புகார் இல்லை. அரைத்த தூள்தான் தொல்லை. திப்பி சுருளுக்குள் உட்கார்ந்துகொள்ளும், அதை எடுக்கத் தேய்க்கும்போது முடி அறுபடும். கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, தெளிந்த சாற்றை மட்டும் ஊற்றச் சொன்னேன். தண்ணீருக்கும் ஒரு வழி செய்தோம்: கடைசி அலசலுக்கு மட்டும் தெருக்குழாயில் வரும் காவிரிக் குடிநீர் ஒரு வாளி. துவட்டத் துண்டுக்குப் பதில் அப்பாவின் பழைய வேட்டி. இரவில் தலையைச் சுற்றிக் கட்ட அம்மாவின் கிழிந்த ஆரணிப் பட்டில் ஒரு முழம். பருத்தித் தலையணை போல அது முடியைப் பிடித்து உரசாது.

தொழிற்சாலையில் தொப்பி கட்டாயம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதில் சமரசம் செய்யச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உச்சிக் கொண்டையைப் பின்கழுத்தில் தாழ்ந்த தளர்சடையாக மாற்றி, மடித்துத் தொப்பிக்குள் விட்டோம். ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி சுற்றிய பேண்டு. பின்னி முடித்ததும் புருவத்தை உயர்த்திப் பார்க்க வேண்டும். நெற்றித்தோல் இழுபட்டால் அவிழ்த்து மறுபடி பின்ன வேண்டும்.

முதல் சில மாதங்கள்

எளிதாகப் போகவில்லை. ஸ்ட்ரெய்ட்னரை நிறுத்திய முதல் மாதம் முடி மேலே சுருட்டை, கீழே கம்பி என்று இரண்டு ஆட்களுடையது போல இருந்தது. தொழிற்சாலையில் கேலி. ஆவணி மாதம் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு யாருக்கும் தெரியாமல் ஒருமுறை ஸ்ட்ரெய்ட்னர் போட்டுவிட்டார். அடுத்த முறை உட்கார்ந்ததும் புதிய வெள்ளைப் புள்ளிகள் காட்டிக்கொடுத்தன. திட்டவில்லை. முடியை முழுக்கக் காயவைக்காமல் போட்டால் உள்ளிருக்கும் நீர் கொதித்துத் தண்டுக்குள் குமிழி உண்டாக்கும், அந்தச் "சுர்ர்" சத்தம் அதுதான் என்பதை மட்டும் மறுபடி சொன்னேன். செப்டம்பரில் இரண்டாவது வெட்டுக்குப் பிறகு நேர்முடி அனேகமாகப் போய்விட்டது. ஐப்பசியில் காகித உறையில் வந்த துண்டுகள் வெகுவாகக் குறைந்திருந்தன.

கல்யாண அலங்காரம்

பெண்களின் நெற்றி ஓரம் ஒரே நாளில் மிக அதிகமாக இழுபடுவது கல்யாணத்தன்று. உச்சியில் இறுக்கிக் குதிரைவால் போட்டு, அதில் சவுரியைக் கோத்து, அதன்மேல் பூச்சடையைத் தைத்து, வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து மேலும் கனமாக்குகிறோம். நெற்றிச்சுட்டியின் கொக்கியோ நேராகப் பலவீனமான முன்முடியில் போய் மாட்டுகிறது. முந்தைய மாலை வரவேற்புக்கு ஆரம்பித்தால் மறுநாள் மதியச் சாப்பாடு வரை அவிழ்ப்பதில்லை.

இங்கே அடித்தளத்தைக் கீழே இறக்கினோம். பின்தலையில் அடர்த்தி குறையாத பகுதியில் நான்கு சிறு பின்னல்கள் போட்டு, குறுக்கும் நெடுக்குமாக மடக்கி, வளைய ஊசியால் நூல் போட்டுத் தைத்தோம். சவுரியும் பூவும் அந்தத் திண்டின்மேல் நின்றன, எந்த இடத்திலும் தனி இழையில் தொங்கவில்லை. பூக்காரரிடம் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி, தராசில் வைத்துக் காட்டச் சொன்னோம். அவர் சிரித்தார், ஆனால் நிறுத்துக் கொடுத்தார். சுட்டியின் சங்கிலியை முன்முடியில் மாட்டாமல் கறுப்பு நூலால் பின்திண்டோடு கட்டினோம். முடியை எதிர்த்திசையில் சீவிப் புடைக்க வைக்கும் பஃப் வேண்டாம் என்றோம்.

வரவேற்புக்கு நேர்முடிதான் வேண்டும் என்று மணப்பெண்ணே ஆசைப்பட்டார். அம்மாவோ அத்தையோ சொல்லி வந்ததல்ல, அவர் ஆசை. முக்கால்வாசி காய்ந்த முடியில் பெரிய உருளைகள் சுற்றிக் குளிர்காற்றில் ஆறவிட்டோம். அகன்ற அலைகளாக வந்தது, நேராக இல்லை. தை மாதப் பனியில் இரண்டு மணி நேரம் தாங்கியது, பிறகு தன் இயல்புக்குச் சுருண்டுகொண்டது. அவருக்குப் பாதித் திருப்திதான். வரவேற்பு முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, விடியற்காலை முகூர்த்தத்துக்குப் புதிதாகப் பின்னினோம். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்கு முன்பே பூச்சடையை இறக்கிவிட்டோம். அதற்கு மேளக்காரர்களைத் தவிர எல்லாரும் கருத்துச் சொன்னார்கள்.

பிறகு நடந்தது

குடியாத்தம் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டதால் இடையில் பார்க்க முடியவில்லை. 2024 ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தபோது நிலையத்துக்கும் வந்தார். தண்டு முறிவு ஏறத்தாழ நின்றுவிட்டது. தோளைத் தாண்டி முழுக்க ஒரே மாதிரிச் சுருட்டை. வலப்பக்க நெற்றி ஓரம் நிரம்பியிருந்தது. இடப்பக்கம் நிரம்பவில்லை. கட்டைவிரல் அகலத்துக்கு வழவழப்பான தோல் அப்படியே இருக்கிறது. அங்கே மயிர்க்கால் தழும்பாகிவிட்டது, இனி வளர வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இழுவை வழுக்கை ஆரம்பத்தில் மீளும், நாள்பட்டால் மீளாது. இரண்டும் ஒரே நெற்றியில் இருந்தன. வகிடைச் சற்று மாற்றி எடுத்தால் அந்த இடம் மறைகிறது, அவர் அப்படித்தான் வாரிக்கொள்கிறார். புகுந்த வீட்டில் தளர்சடையை "வாராத தலை" என்றார்களாம். மருத்துவர் சீட்டைக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

சடையைப் பிரித்து, நெற்றி ஓரத்தைப் பார்த்து, பழைய ரீபாண்டிங் எல்லையை அளக்காமல் எந்த நேராக்கும் சிகிச்சைக்கும் நாள் குறிப்பதில்லை. நெற்றியின் இரு ஓரங்களையும் ஒரே விளக்கில், ஒரே தூரத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம். இந்த நிகழ்வில் மாதாமாதம் படம் இருந்திருந்தால் இடப்பக்கம் நின்றுபோனது எப்போது என்பதையும் மருத்துவருக்குக் காட்டியிருக்கலாம். கல்யாண அலங்காரத்துக்கு முன்பதிவு செய்பவர்களிடம் பூவின் எடையும் எத்தனை மணிக்கு அவிழ்ப்பது என்பதும் முன்கூட்டியே எழுதி வாங்கப்படுகிறது. இரண்டு முறை பின்னுவதற்குக் கூலி கூடுகிறது, சிலர் வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்கள்.

முடி வெட்டச் சிறுமிகளை அழைத்துவரும் அம்மாக்களிடம் இரட்டைச் சடை பற்றியும் பேசுகிறோம். பள்ளி விதி சடை பின்னச் சொல்கிறது, கண் இழுபடும் அளவுக்குப் பின்னச் சொல்லவில்லை. காதுக்கு மேலே தொடங்காமல் காதுக்குப் பின்னால் தொடங்குவது, முந்தைய இரவே தலையைக் காயவைப்பது, வீடு திரும்பியதும் அவிழ்த்துவிடுவது. தங்கை இப்போது கல்லூரி இறுதியாண்டு. போன மாதம் தனியாக வந்து ஸ்மூத்னிங் எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார். அக்காவின் 2023ஆம் ஆண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்து, படித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.